கௌமதி பொறுக்கிய பழங்கள்

கௌமதிக்கு நாக்கு நீளம், பிடிவாதம் அதைவிட நீளம். இரண்டையும் அவள் மறைத்து வைத்ததே இல்லை. ஒரு காரியத்தை மனதில் போட்டுக்கொண்டாள் என்றால் அது முடியும்வரை அவளுக்குச் சோறு இறங்காது. பக்கத்தில் இருப்பவர்களையும் நிம்மதியாகச் சாப்பிட விடமாட்டாள். எங்கள் ராப்தேல் மேட்டில் அவளோடு ஒருமுறையாவது சண்டை போடாத வீடு கிடையாது. சண்டை போட்ட பிறகு அவளிடமே போய் உதவி கேட்டு நிற்காத வீடும் கிடையாது.

பிறந்தது மேல்வீட்டில். வாழ்க்கைப்பட்டது அதே சரிவில் கீழ்வீட்டில், அத்தை மகன் டேக்பகதூருக்கு. நடுவே சில படிவயல்கள்தான். பிறந்தவீட்டுச் சேவல் கூவினால் புகுந்தவீட்டில் இவள் எழுந்துவிடுவாள். எங்கள் மகர் சாதிக் குடும்பங்களில் அத்தை மகனுக்குக் கொடுப்பது வழக்கம்தான் என்றாலும், இவ்வளவு பக்கத்தில் கொடுத்தது தப்பு என்று அவளுடைய அண்ணன் கும்பசிங் சிரித்துக்கொண்டே சொல்வார். கோபித்துக்கொண்டு பிறந்தவீட்டுக்குப் போனால் கோபம் ஆறுவதற்குள் வீடு வந்துவிடுகிறதாம்.

கீழ்வீட்டு நிலம் சுத்தக் கல். கேழ்வரகும் மக்காச்சோளமும் போட்டு, பாதியைக் குரங்குக்குக் கொடுத்து, மீதியில் காலம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மேல்வீட்டிலோ கும்பசிங்கின் ஆரஞ்சு மரங்கள். கார்த்திகை பிறந்தால் சரிவே மஞ்சளாகிவிடும். கல்யாணமாகி வந்த மறுவருஷமே கௌமதி, தனக்கும் ஆரஞ்சு வேண்டும் என்று நின்றாள். மாமியார், அதாவது அவளுடைய சொந்த அத்தை, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"கல்லுல பழம் காய்க்குமாடி?"

"காய்க்க வைக்கிறேன் அத்தை. காய்க்கலேன்னா அப்புறம் பேசு."

மலையடிவாரத்து ஊரான வாலிங்கில் இருந்த நாற்றங்காலிலிருந்து கன்றுகளை முதுகுக்கூடையில் வைத்து, நெற்றிப்பட்டையில் பாரம் தாங்கி, மலைப்படி முழுவதும் ஏறிக் கொண்டுவந்தாள். அப்போது வயிற்றில் மூத்தவள். கல்லைப் பெயர்த்துக் குழி தோண்டினாள். ஊற்றுத் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து ஊற்றினாள். எருவை மட்டும் அண்ணன் கொண்டுவந்து கொட்டினார். கும்பசிங்கின் எருக்குழி எங்கள் மேட்டிலேயே பேர் போனது. கையில் எடுத்தால் கறுப்பாக, உதிரியாக, நாற்றமே இல்லாமல் இருக்கும். "என் மாட்டு சாணி உன் வீட்டுக்குச் சீரா வருது பார்" என்று சொல்லிக்கொண்டே கூடை கூடையாகக் கொட்டுவார்.

மரங்கள் காய்த்தன. தகரக் கூரை வந்தது. மூத்த மகள் பொக்ராவுக்கு நர்ஸ் படிக்கப் போனாள், சின்னவள் பள்ளிக்கூடம் போனாள். டேக்பகதூர் மலேசியாவில் காவலாளி வேலைக்குப் போய்விட்டார். அவர் அனுப்பும் பணமும் வந்தது; ஆனால் கௌமதி நிமிர்ந்து நடந்தது அந்தப் பணத்தால் அல்ல. அந்தச் சரிவில் நிற்கிற ஒவ்வொரு மரமும் அவள் கையால் நின்றது. பெற்ற பிள்ளைகளைவிட அவற்றைப் பற்றித்தான் அதிகம் பேசுவாள் என்று மகள்களே குறை சொல்வார்கள்.

அந்த மரங்களுக்குத்தான் கேடு வந்தது.

புரட்டாசி தொடங்கும்போதே காய்கள் பச்சையாக இருக்க வேண்டிய நேரத்தில் மஞ்சளாகின. பிறகு பொத்துப் பொத்தென்று விழுந்தன. பிளந்து பார்த்தால் சுளைக்குள் வெள்ளைப் புழு நெளியும். முதல் வருஷம் கொஞ்சம், அடுத்த வருஷம் நிறைய, அதற்கடுத்த வருஷம் பறிக்கக் கூடை எடுத்துப் போனவர்கள் பாதிக் கூடையோடு திரும்பினார்கள். மழை தப்பியதால் என்றார்கள். மலைத்தெய்வத்துக்குச் சேவல் கொடுக்காததால் என்றார்கள், கொடுத்தார்கள். சேவலும் போயிற்று, பழமும் போயிற்று.

டேக்பகதூர் போனில் கத்தினார். "பேசாம வெட்டித் தள்ளு. புட்வல்ல ஒரு துண்டு நிலம் பார்த்து வச்சிருக்கேன். சமவெளில போய் உக்காந்து மனுஷங்க மாதிரி இருப்போம்."

"இங்க நாங்க என்ன குரங்கு மாதிரியா இருக்கோம்?"

"மரத்துல ஒண்ணும் நிக்கல, அப்புறம் மரம் எதுக்கு? இன்னும் ரெண்டு பருவம். அதோட என் ஒப்பந்தம் முடியுது. நான் வந்து பார்க்கும்போது பழம் நிக்கணும். நிக்கலேன்னா ரம்பத்தோடதான் மேடு ஏறுவேன், சொல்லிட்டேன்."

அவர் சொன்னால் செய்கிறவர். கௌமதி போனை வைத்துவிட்டு மரங்களுக்கு நடுவே போய் நின்றாள். புட்வல் வெயிலில் கான்கிரீட் வீட்டு வாசலில் உட்கார்ந்து விலைக்கு வாங்கிய ஆரஞ்சை உரிக்கிற தன்னை நினைத்துப் பார்த்தாள். அதற்குச் செத்துப்போகலாம் என்று நினைத்தாள்.

அந்தக் குளிர்காலத்தில் விவசாய ஆபீஸிலிருந்து சுஷ்மா என்ற பெண் வந்தாள். எங்கள் ஊர்ப் பெண்களின் தாய்மார் சங்கத்தைக் கூட்டி உட்காரவைத்து, விழுந்த பழத்தையெல்லாம் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். இதென்ன கேள்வி? எருக்குழியில் போடுகிறோம். எங்கள் அப்பன் பாட்டன் காலத்திலிருந்து அப்படித்தான். மரம் கொடுத்தது மரத்துக்கே போகும்.

"ஒரு எருக்குழியைக் காட்டுங்க, பார்க்கலாம்" என்றாள் சுஷ்மா.

கௌமதிதான் முந்திக்கொண்டாள். "எங்கண்ணன் குழிக்கு வாங்க மிஸ். இந்த மேட்டுல அதுபோல எரு கிடையாது." அவள் பெருமையாகத்தான் சொன்னாள். அதில் வேறு எண்ணம் இல்லை. எல்லோரும் மேல்வீட்டுக்கு ஏறினார்கள். கும்பசிங் புது மாப்பிள்ளை மாதிரி தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்து, தானே மண்வெட்டியால் எருவைப் புரட்டிக் காட்டினார். சுஷ்மா குனிந்து விரலால் கிளறி, உள்ளங்கையில் எடுத்து நீட்டினாள். கோதுமை மணி மாதிரி, பழுப்பாக, கை நிறைய.

"இதுதான் அந்தப் புழு. பழத்தை விட்டு வெளிய வந்து கூட்டுக்குள்ள தூங்குது. சித்திரை வைகாசில ஈயா எந்திரிச்சு, பிஞ்சுல முட்டை வச்சிடும். நீங்க என்ன பண்றீங்கன்னா, இதைக் கூடைல அள்ளி, ஒவ்வொரு மரத்தடியா கொண்டுபோய் நீங்களே படுக்கவைக்கிறீங்க."

அப்போது ஹஸ்தமாயா வாயைத் திறந்தாள். கௌமதியின் பக்கத்து வீட்டுக்காரி. அவள் வாய்க்கு கௌமதி வாயே பரவாயில்லை.

"அப்போ கும்பாண்ணன் வச்சிருக்கறது எருக்குழி இல்லடி. ஈக்குப் பிரசவ ஆஸ்பத்திரி."

கூட்டமே சிரித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கௌமதியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே நிமிர்ந்தபோது அண்ணனைப் பார்த்தாள். அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மண்வெட்டியைக் குழியோரம் சாத்திவிட்டு, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்றைக்கு எல்லோர் வீட்டுக் குழியையும் கிளறியிருந்தால் எல்லோர் வீட்டிலும் அதேதான் இருந்திருக்கும். ஆனால் திறந்தது ஒன்றைத்தான். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அடுத்தவன் குழி என்றால் எட்டிப் பார்க்கிற ஆசை அதிகம்.

சுஷ்மா சொல்லிவிட்டுப் போன வைத்தியம் சுலபமானது. காய் விழத் தொடங்கிய நாளிலிருந்து தினமும் பொறுக்க வேண்டும். தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டி வெயிலில் வைத்துவிட வேண்டும். புழு உள்ளேயே வெந்து சாகும். ஒரு பருவம் பொறுக்கினால் அடுத்த பருவம் பலன் தெரியும். ஆனால் மேட்டில் உள்ள எல்லா வீடும் பொறுக்க வேண்டும். ஒரு வீடு விட்டாலும் அங்கிருந்து எல்லா வீட்டுக்கும் ஈ பறக்கும். கேட்கச் சுலபம். பொறுக்கிப் பார்த்தால்தான் தெரியும். சரிவில், ஈரப்புல்லில், ஒரு பழத்துக்கு ஒரு குனியல். சாயங்காலம் நிமிர்ந்தால் இடுப்பு வேறு யாருடையதோ போலிருக்கும்.

அடுத்த புரட்டாசி பிறந்ததும் கௌமதி வீடு வீடாகப் போய் எழுப்பினாள். தூங்குகிறவர்களின் போர்வையைப் பிடித்து இழுத்தாள். ஹஸ்தமாயாவை முதல் நாள் திட்டிக்கொண்டே கூட்டிப் போனாள், இரண்டாம் நாள் அவளே திட்டிக்கொண்டு வந்தாள். பைகள் வெயிலில் வரிசையாக உப்பின. மேடு முழுக்கப் பொறுக்கிற சத்தம்தான்.

மேல்வீட்டில் மட்டும் யாரும் குனியவில்லை. அங்கே விழுந்தது விழுந்தபடி கிடந்து, அழுகி, மேலே இன்னொன்று விழுந்தது. கும்பசிங்கின் இரண்டு பையன்களும் கத்தாரில். அவருடைய மனைவி தன்சரா கூடையை எடுத்தாலே, "வை கீழே" என்று ஒரு அதட்டல் வருமாம். மழைக்காலத்திலிருந்தே அவர் கடைத்தெருப் பக்கமும் வரவில்லை, கூட்டத்துக்கும் வரவில்லை. கோபம் இன்னும் ஆறவில்லை என்று ஊர் பேசிக்கொண்டது.

ஒருநாள் காலையில் கௌமதி கூடையை மாட்டிக்கொண்டு மேலே ஏறினாள். நேராக அண்ணன் தோப்புக்குள் நுழைந்து பொறுக்க ஆரம்பித்தாள். கூடை பாதி நிறைந்தபோது குரல் வந்தது. வரப்புக் கல்லில் கும்பசிங் கோலை ஊன்றி உட்கார்ந்திருந்தார்.

"யாரைக் கேட்டு உள்ள வந்தே?"

"பிறந்த வீட்டுக்கு வர யாரைக் கேக்கணும்?"

"கொட்டு."

"அண்ணே, இது மண்ணுக்குள்ள இறங்கிச்சுன்னா அடுத்த வருஷம் என் மரம் போச்சு. உன் மரமும் போச்சு. உன் மச்சான் ரம்பத்தோட வர்றேன்னு உக்காந்திருக்கார்."

"என் நிலத்துல விழுந்தது என் நிலத்துல கெடக்கும். கொட்டுன்னேன்."

"அன்னிக்கு நடந்ததுக்கு இன்னும் எத்தனை நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவே? ஊரே சிரிச்சுது. ஹஸ்தமாயா சொன்னா, எல்லாரும் சிரிச்சோம், விடேன்."

"ஊரு சிரிச்சா சிரிக்கட்டும். ஊரு என்கூடப் பிறந்ததா?"

கௌமதி கூடையைக் கவிழ்த்தாள். பழங்கள் சரிவில் உருண்டன. அவர் எழுந்து வந்து தடுப்பார், அடிக்கக்கூட வருவார் என்று நினைத்திருந்தாள். அவர் கல்லைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. அவ்வளவு வெறுப்பு என்று நினைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். வழியெல்லாம் அழுதாள்.

இரண்டே நாளில் மற்ற வீடுகளிலும் முணுமுணுப்பு கிளம்பியது. ஹஸ்தமாயா நேராகவே கேட்டாள்.

"மேல்வீட்டுப் பழம் மெத்தை போட்டுப் படுத்திருக்கு. நாங்க மட்டும் இடுப்பை ஒடிச்சுக்கணுமா? நீயே சொல்லுக்கா, இது என்ன நியாயம்?"

"நியாயம் இல்லைதான். ஆனா விட்டுடாதீங்கடி."

"திஹார் வரைக்கும் பார்ப்போம். உன் அண்ணன் டீகா வாங்க வருவார்ல, அன்னிக்கு வாங்கு அவர்கிட்ட வாக்கு. வாங்கலேன்னா மறுநாள்லேருந்து நாங்க யாரும் குனியமாட்டோம். உன்மேல கோபம் இல்ல. முடியலைக்கா, அவ்ளோதான்."

ஆக எல்லாம் திஹார் பண்டிகையில் வந்து நின்றது. தீப விளக்கு, காக்கைக்குச் சோறு, நாய்க்கு மாலை, பசுவுக்குப் பூசை எல்லாம் முடிந்து, கடைசி நாள் உடன்பிறந்தவனுக்கு டீகா. உடன்பிறந்தவள் அவனைச் சுற்றி எண்ணெயால் வட்டம் போட்டு, நெற்றியில் ஏழு நிறத்தில் பொட்டு வைத்தால் அந்த வருஷம் முழுக்க எமன் அவனைத் தொடமாட்டான். எவ்வளவு சண்டை இருந்தாலும் எங்கள் பக்கத்தில் இதற்கு வராமல் இருக்கிற அண்ணன் தம்பி கிடையாது. வராமல் இருந்தால் அவன் செத்துப்போனதாக அர்த்தம்.

கௌமதி முற்றத்தைச் சாணமிட்டு மெழுகினாள். வாடாமல்லி மாலை கட்டினாள். அரிசிமாவைப் பிழிந்து செல் ரொட்டி சுட்டாள். கை வேலை செய்தது, காது மேல்பாதையில் இருந்தது. அவர் வந்தார். மிக மெதுவாக, கோலை ஊன்றி, தன்சரா பின்னால் புடவைப் பொட்டலத்தோடு வர, படியிறங்கி வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. வீட்டுக்குள் திண்டு போட்டிருந்த இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தாய்மார் சங்கத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வாசலில் வந்து கூடினார்கள். வேடிக்கை பார்க்க என்றால் எங்கள் ஊரில் அழைப்பு தேவையில்லை.

டீகாவுக்கு நல்ல நேரத்தை ரேடியோவில் சொல்வார்கள். அதற்கு இன்னும் சற்று நேரம் இருந்தது. கௌமதி அருகம்புல்லை எண்ணெயில் தோய்த்து அண்ணனைச் சுற்றி வட்டம் போட்டாள். தலையில் எண்ணெய் வைத்தாள். கெட்டது உடையட்டும் என்று வாசற்படியில் அக்ரூட் கொட்டையைக் கல்லால் ஒரே போடாகப் போட்டு உடைத்தாள். பிறகு பொட்டுத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவருக்கு எதிரே உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன?" என்றார் கும்பசிங்.

"வாக்கு குடு. தோப்புல கெடக்கறதைப் பொறுக்க விடறேன்னு சொல்லு. அப்புறம்தான் பொட்டு."

எண்ணெய் வட்டத்துக்குள் உட்கார்ந்தவன் பொட்டில்லாமல் எழுந்து போக முடியாது. அப்படிப் போனால் எமன் வாசலுக்குத் தானே நடந்து போகிற மாதிரி. தன்சரா, "வேண்டாம் கௌமதி" என்று கையைப் பிசைந்தாள்.

கும்பசிங் அவளை நேராகப் பார்த்தார். "வைக்காதே" என்றார். "உக்காந்திருக்கேன். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பது அப்போது பார்த்தால் தெரியும். இரண்டு தாடையும் ஒன்றுபோல இறுகியிருந்தன. ரேடியோவில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு நின்றது. நல்ல நேரம் வந்துவிட்டது என்று அறிவிப்பாளர் சொன்னார். மேட்டிலும் பள்ளத்திலும் எல்லா வீட்டிலும் அக்கா தங்கைகள் பொட்டு வைத்துக்கொண்டிருப்பார்கள். கௌமதி விரலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தன் மரங்களை நினைத்தாள். டேக்பகதூரின் ரம்பத்தை நினைத்தாள். பிறகு எதிரே நரைத்த அந்தத் தலையைப் பார்த்தாள். நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அவளால் முடியவில்லை. மரம் போனால் போகட்டும், இந்த நேரம் போனால்? கை தானாக நீண்டது. நெற்றியில் வெள்ளைக் கோடு இழுத்து, அதன் மேல் ஏழு நிறத்தையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்தாள். மாலையைப் போட்டாள். கண்ணீர் அவருடைய மடியில் சொட்டியது.

"இரு அண்ணே, நல்லாயிரு. மரம் கெடக்குது. வெட்டிக்கச் சொல்லிடறேன்."

வழக்கப்படி இப்போது அண்ணன் அவளுக்குப் பொட்டு வைத்து, குனிந்து அவள் காலில் நெற்றியை வைக்க வேண்டும். கும்பசிங் பொட்டு வைத்தார். ஆனால் குனியவில்லை. உட்கார்ந்தபடியே இருந்தார். வாசலில் சலசலப்பு எழுந்தது. தங்கை இறங்கி வந்த பிறகும் தலை வணங்காத திமிரைப் பார் என்று ஹஸ்தமாயா பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது உள்ளேயே கேட்டது.

"எல்லாரையும் அனுப்பு" என்றார் கும்பசிங், தணிந்த குரலில்.

கௌமதி எழுந்து, முற்றத்தில் இலை போட்டிருக்கிறது, போய்ச் சாப்பிடுங்கள் என்று பெண்களை விரட்டினாள். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியபோது அவர் இரண்டு கையையும் தரையில் ஊன்றி எழ முயன்றுகொண்டிருந்தார். வலது கால் உடன் வரவில்லை. முகம் வேர்த்திருந்தது. பாதி எழுந்து, மறுபடி தொப்பென்று உட்கார்ந்தார்.

"ஆடி மழைல மேல்வரப்புல வழுக்கிட்டேன். இடுப்புல என்னமோ ஆச்சு. குனிய முடியல. குனிஞ்சா எந்திரிக்க முடியல." தங்கையைப் பார்த்தார். "சிரிக்காதே."

கௌமதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மேல்வீட்டில் பொறுக்காமல் கிடந்த ஒவ்வொரு பழமும் இப்போது அவளுக்குப் புரிந்தது. ஊர்ப் பெண்கள் வந்து பொறுக்கினால், நீ ஏன் குனியவில்லை என்று கேட்பார்கள். தன்சரா தனியாகப் பொறுக்கினால் பார்க்கிறவர்கள் ஏன் என்று கேட்பார்கள். மலை முழுக்கத் தோளில் எரு சுமந்த மனுஷன், முடியாது என்று சொல்வதைவிட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கெட்டவன் என்று பேர் வாங்குவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

"அண்ணிக்குத் தெரியுமா?"

தன்சரா மூலையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். "சொன்னா செத்த மாதிரின்னு சத்தியம் வாங்கிட்டார். ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டேங்கறார்."

"வருவார். மூத்தவ பொக்ராவுல எதுக்குப் படிக்கிறா? வரலேன்னா கூடைல வச்சுத் தூக்கிட்டுப் போவேன்." கௌமதி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அழுகை நின்றுவிட்டது. அவள் முகத்தில் பழைய இறுக்கம் திரும்பி வந்தது; ஆனால் இப்போது வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு டீகாவுக்கு என்ன கொண்டாந்தே?"

"புடவை."

"புடவை வேண்டாம். உன் தோப்புல கீழ விழுந்த பழம் அத்தனையும் எனக்குச் சீராக் குடு. குடுத்துட்டேன்னு வாயால சொல்லு."

"மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா?"

"முழுசாக் கேளு. கூடப்பிறந்தவளுக்குக் குடுத்த பொருளைப் பிறந்தவீட்டுக்காரன் திரும்பத் தொடலாமா?"

"தொடக்கூடாது. பாவம்."

"அப்போ குடுத்தப்புறம் அதுல ஒரு பழத்தை நீ கையால எடுக்க முடியுமா? நீ குனிஞ்சாதான் ஊரு காறித் துப்பும். அண்ணியும் தொடக்கூடாது. நான்தான் பொறுக்கணும். எனக்கு உதவிக்கு யாரைக் கூட்டிட்டு வந்தாலும் அது என் இஷ்டம்."

கும்பசிங்கின் நெற்றியில் ஏழு நிறமும் வேர்வையில் கொஞ்சம் கலங்கியிருந்தன.

"இந்த ஒரு வருஷமா?"

"வருஷா வருஷம்."

"மரத்துல நிக்கறது?"

"அது உன்னோடது. எனக்கு விழுந்தது போதும்."

"குடுத்தேன்" என்றார். "அள்ளிட்டுப் போ."

கௌமதி அவருடைய அக்குளில் தோளைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தினாள். கோலைக் கையில் கொடுத்தாள். தொப்பியைச் சரிசெய்தாள். அவர் கதவருகே நிமிர்ந்து நின்ற பிறகுதான் கதவைத் திறந்தாள். முற்றத்தில் செல் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

"கேட்டுக்கங்கடி. எங்கண்ணன் தோப்புல விழற பழம் அத்தனையும் எனக்குச் சீரா எழுதிக் கொடுத்த மாதிரி. இனிமே அவரு ஒண்ணைத் தொட்டாலும் எனக்குக் கோபம் வரும். நாளைக்கு விடிஞ்சதும் கூடையோட வந்துடுங்க."

"எங்களுக்கு என்ன குடுப்பே?" என்றாள் ஹஸ்தமாயா, வாய் நிறைய ரொட்டியோடு.

"இப்போ தின்னுட்டிருக்கியே, அதான்."

அன்று சாயங்காலமே டேக்பகதூருக்குப் போன் போட்டாள். ரம்பம் வாங்கிவிட்டீர்களா என்று கேட்டாள். இன்னும் இல்லை, அதற்கு ஒரு வருஷம் இருக்கிறதே என்றார் அவர். "அந்தக் காசுல உங்க மச்சானுக்கு ஒரு நல்ல இடுப்புப்பட்டை பார்த்து வாங்கி அனுப்புங்க. ஊருக்குச் சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டு, அவர் கேள்வி கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

மறுநாள் பனி விலகுவதற்குள் மேல்வீட்டுச் சரிவில் ராப்தேல் மேடே இருந்தது. புழு மண்ணுக்குள் இறங்குவதற்குள் முடிக்க வேண்டும் என்று கௌமதி எல்லோரையும் விரட்டினாள். அழுகியது, அழுகாதது, புல்லுக்குள் ஒளிந்தது, வாய்க்காலில் உருண்டது எல்லாம் கூடைக்குப் போயிற்று. பைகள் வரப்பு நெடுகக் கட்டி வைக்கப்பட்டன. கும்பசிங், தங்கை நேற்று வைத்த பொட்டு இன்னும் அழியாமல், கோலை ஊன்றி நடுவரப்பில் நின்றுகொண்டு வாயாலேயே தோப்பு முழுக்க நடந்தார்.

"அந்த வேருக்குப் பின்னால ரெண்டு கெடக்கு. கண்ணு எங்க வச்சிருக்கே? மேல பாரு, மேல."

"நீங்களே வந்து எடுங்களேன் அண்ணே" என்றாள் ஹஸ்தமாயா. வேண்டுமென்றே சொல்லவில்லை, அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

அந்த நேரம் பார்த்து மேல்மரத்திலிருந்து ஒரு பழம் விழுந்தது. சரிவில் துள்ளித் துள்ளி உருண்டு வந்து, கும்பசிங்கின் செருப்பில் முட்டி நின்றது. பெண்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அவரும் கீழே பார்த்தார்.

"நான் எப்படி எடுக்கறது?" என்றார் உரக்க. "தங்கச்சிக்குக் குடுத்த பொருள். அவ வந்து எடுக்கட்டும்."

"அதானே" என்றாள் ஹஸ்தமாயா, தன்னையே கடிந்துகொள்கிற குரலில். "சீர்ப் பொருளாச்சே. நான் ஒருத்தி."

கௌமதி கூடையோடு இறங்கி வந்தாள். அண்ணனின் காலடியில் குனிந்து பழத்தை எடுத்தாள். இவ்வளவு பக்கத்தில் பார்க்கும்போது அந்த வலது கால் நடுங்கிக்கொண்டிருந்தது. எழும்போது யாருக்கும் தெரியாமல் அவருடைய முழங்காலை ஒருமுறை அழுத்திப் பிடித்துவிட்டு, பழத்தைத் தோளுக்குப் பின்னால் கூடைக்குள் போட்டாள்.

"அடுத்த மரத்துக்கு வாங்கடி" என்றாள். "இன்னும் பாதித் தோப்பு கெடக்கு."